தொப்பி எண் பதினெட்டு

சிதம்பரம் மாலைகட்டித் தெருவில், சபாபதி வெளிநாடு போய்வந்ததைப் பற்றி நான்கு கதைகள் உலவுகின்றன. அவற்றில் மூன்று மங்கலம் சொன்னவை. மங்கலம் அவருக்கு எதிர்வீடு. அதே பயணத்தில் கூடப் போனவள், ஆகவே நேரில் பார்த்த சாட்சி. நேரில் பார்த்த சாட்சி ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நாலாவது கதை சபாபதி யாரிடமும் சொல்லாதது. அதுதான் இது. எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூடாது. தெரு என்று ஒன்று இருந்தால் தெரியத்தான் செய்யும்.

சபாபதி அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பரீட்சைக்கு வராத பிள்ளைகளின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘ஆப்செண்ட்’ போடுவது அவர் வேலை. அவர் கையால் ஆப்செண்ட் ஆனவர்களை வரிசையாக நிறுத்தினால் கொள்ளிடம் பாலம் வரைக்கும் நிற்பார்கள். வந்தவன் வந்தவன், வராதவன் வராதவன், நடுவில் மூன்றாவதாக ஒரு கட்டம் கிடையாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் அவர் போன மாசி மாதம் கடலூருக்குப் போனார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம். ‘நிறைபயணம்’ என்ற சுற்றுலா நிறுவனத்தின் விளக்கக் கூட்டம். அஜர்பைஜான், ஜார்ஜியா, ஆர்மீனியா என்று மூன்று மலைநாடுகள், ஒன்பது நாள், நாற்பது பேர், கூடவே தயிர்சாதம் செய்ய ஒரு சமையல்காரர். மேடைக்குப் பின்னால் பெரிய பலகை: ‘22 ஆண்டுகள். ஒருவரையும் தொலைத்ததில்லை.’ கோட்டுப் போட்ட பயண இயக்குநர் ராஜவேல் மைக்கைப் பிடித்தார்.

“மலை எங்கயும் போயிடாதுங்க. ஆளுதான் போயிடுவாங்க. அதனால எங்க கண்ணு மலை மேல இருக்காது, உங்க மேலதான் இருக்கும். ஏறும்போது எண்ணுவோம், எறங்கும்போது எண்ணுவோம், சாப்பிடும்போது எண்ணுவோம். போன வருஷம் ஒரு பெரியவரு, ‘என்னப்பா, பனியவே பாக்கலியே’ன்னு கேட்டாரு. ஐயா, நாங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள பனி உருகிடுச்சு. ஆனா நீங்க இருக்கீங்க பாருங்க, அதுதாங்க நிறைபயணம்.”

கூட்டம் கைதட்டியது. சபாபதியும் தட்டினார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஆப்செண்ட்கூட இல்லாத நிர்வாகம் என்றால் அவருக்கு மரியாதை வராமல் என்ன செய்யும். விண்ணப்பத்தில் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒன்று அவர் பெயர், இன்னொன்று தில்லையம்மாள்.

வீட்டில் தில்லையம்மாள் முப்பத்தாறு வருஷமாகச் சொல்லும் பதிலையே சொன்னாள். “முட்டி வலிக்குது. பூசத்துக்கு வடலூர் போயிட்டு வந்ததுக்கே நாலு நாள் படுத்துக்கிட்டேன். நீங்க போயிட்டு வாங்க.” ஊட்டிக்கும் அதே பதில்தான், காசிக்கும் அதே பதில்தான். தில்லையம்மாள் தன் வாழ்நாளில் பார்த்த உயரம் கீழக் கோபுரம். அதற்கு மேல் உயரமாக எதையும் கடவுளே கட்டியிருக்கமாட்டார் என்று நினைத்தாள்.

பங்குனியில் ஒருநாள் காலை, தலை சுத்துது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சபாபதி இறப்புச் சான்றிதழின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினார். இரண்டு பெயரையும் அடித்துவிட்டு வந்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை என்று எண்ணம். நிறைபயணம் அலுவலகத்தில் முன்மேசைப் பெண் வினோதினி அவரை ராஜவேலிடம் அனுப்பினாள்.

ராஜவேல் சான்றிதழை இரண்டு பக்கமும் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்.

“இது மேடம் இறந்ததுக்கு ஆதாரம் சார். டூருக்கு வரலைங்கறதுக்கு ஆதாரம் இல்லையே.”

“செத்தவ எப்படி தம்பி டூருக்கு வருவா?”

“அது எங்களுக்குத் தெரியாதுங்க. ரத்து பண்ணணும்னா பயணி வந்து கையெழுத்துப் போடணும். ரூல். வேற யாரு போட்டாலும் செல்லாது.”

“நான் அவ புருஷன்.”

“வீட்ல. எங்க ஃபைல்ல நீங்க பயணி எண் பதினேழு. மேடம் பதினெட்டு. பதினெட்டைப் பதினேழு ரத்து பண்ண முடியாதுங்க.”

“மொதல்ல, அவ வரேன்னே சொல்லலப்பா. முட்டி வலின்னு சொல்லிட்டா.”

இந்த இடத்தில்தான் ராஜவேல் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. “சொன்னாங்க சார். ஒவ்வொரு பயணிக்கும் தனியா போன் போட்டு சம்மதம் கேக்கறது எங்க வழக்கம். பதிவு இருக்கு.” கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, காதில் மாட்டுவதை எடுத்துச் சபாபதியின் தலையில் பொருத்தினார்.

முதலில் ஒரு கரகரப்பு. வினோதினியின் குரல் மூன்று நாடுகளின் பெயரையும் சொல்லி, “நீங்க வர்றீங்களாம்மா?” என்று கேட்டது. பின்னால் குக்கர் விசில், ஒன்று. பிறகு தில்லையம்மாள், அடுப்பின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பேசும் அந்த அவசரக் குரலில்:

“அதெல்லாம் எனக்கு என்னாம்மா தெரியும். குக்கரு கூவுது. சரி, வரேன்.”

இரண்டாவது விசில். அத்தோடு நின்றுவிட்டது.

போனை வைக்கிறேன் என்பதற்கு நம் பக்கத்தில் வேறு வார்த்தை ஏது? போறேன் என்று சொன்னால் வாயில் அடிப்பார்கள். துக்க வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவோம். பால்காரன், தபால்காரன், கடன் கேட்டு வந்தவன், எல்லோரும் வரேன் என்றுதான் போகிறார்கள். அப்படி வரேன் என்றவர்களையெல்லாம் நிறைபயணம் பட்டியலில் ஏற்றிவிட்டது என்றால், அது ஏற்றிக்கொண்டு போகவேண்டியது நாற்பது பேரை அல்ல, ஜில்லாவையே.

இதையெல்லாம் சபாபதி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாதமாக வீட்டில் அந்தக் குரல் இல்லை. மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்க ஆள் இல்லாததால் குக்கரையே எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டிருந்தார்.

“இன்னொரு தரம் போடுங்க தம்பி” என்றார்.

ராஜவேல் போட்டார். சபாபதி மூன்றாவது முறை கேட்டபோதும் போட்டார். வாடிக்கையாளர் ஆதாரத்தைச் சரிபார்ப்பதை நிறுவனம் ஊக்குவிக்கிறது.

“இத எனக்குக் குடுத்துடுங்களேன்.”

“அது மேடத்தோட அந்தரங்கம் சார். மூணாவது மனுசருக்குக் குடுக்க முடியாதுங்க.”

“அப்ப இது என்னா ஆவும்?”

“ரத்து ஆனா அன்னிக்கே அழிச்சிடுவோம். டூரு முடிஞ்சு, பத்திரமா வீடு சேர்ந்தேன்னு கையெழுத்தாகி ஃபைலை மூடினாலும் அழிச்சிடுவோம். டூர்ல இருக்கற வரைக்கும் பத்திரமா இருக்கும்.”

சபாபதி சான்றிதழை மறுபடி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “அப்ப ரத்து வேணாம்” என்றார். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அவர் ஒரு ஆப்செண்டை விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆனியில் கிளம்பினார்கள். கடலூர் அலுவலக வாசலில் எல்லோருக்கும் எண் போட்ட ஆரஞ்சுத் தொப்பி. சபாபதிக்குப் பதினேழு. பதினெட்டையும் அவர் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். விமான நிறுவனத்தின் பட்டியலில் முப்பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். விமானக்காரர்களுக்கு நிர்வாகம் அவ்வளவாகப் போதாது.

பஸ்ஸில் முதல் எண்ணிக்கை. பெயரைப் படித்ததும் ‘வந்தாச்சு’ என்று சொல்லவேண்டும். உள்ளேன் ஐயா, எஸ் சார் எதுவும் ஏற்கப்படமாட்டாது. “சபாபதி.” “வந்தாச்சு.” “தில்லையம்மாள்.”

அவள் போய்ச் சேர்ந்தது முழு பஸ்ஸுக்கும் தெரியும், மங்கலம் அதற்குள் கடைசி வரிசை வரைக்கும் சொல்லி முடித்திருந்தாள். ராஜவேல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

“தம்பி, அவதான் இல்லையே” என்றார் சபாபதி.

“தெரியும் சார். ஆனா லிஸ்ட்ல இருக்காங்க. நீங்களே அவுங்களுக்காகச் சொல்லிடுங்க, பஸ்ஸ எடுத்துடலாம்.”

பக்கத்து வரிசையில் பரங்கிப்பேட்டை ஜவுளிக்கடை அப்துல் மாலிக், மனைவி அமீனா பீவியோடு உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷம் ஆனதும் அவர் சபாபதியின் தொடையைத் தட்டினார். “சொல்லிடுங்க மாமா. ஃபிளைட்டு போயிடும்.”

சபாபதி வாயைத் திறந்தார். “வந்தாச்சு.”

பேனா டிக் அடித்தது. பஸ் கிளம்பியது. ஜன்னலோர இருக்கையில் பதினெட்டாம் எண் தொப்பி, வெளியே கெடிலம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு போனது.

அஜர்பைஜானின் தலைநகர் பாகுவில் எண்ணினார்கள். பழைய கோட்டையின் வாசலில் எண்ணினார்கள், கோட்டைக்குள் போக நேரமில்லாததால் வாசலிலேயே மறுபடி எண்ணிவிட்டுத் திரும்பினார்கள். ஒவ்வொரு தடவையும் சபாபதி இரண்டு முறை வந்தாச்சு சொன்னார், தனக்குக் கொஞ்சம் கனமான குரலில், அவளுக்குக் கொஞ்சம் மெல்லிசாக. இரண்டு தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். ஹோட்டலில் இரண்டு படுக்கை போட்ட அறை. முதல் நாள் இரண்டாவது படுக்கையில் தொப்பியை வைத்தார். காலையில் அதன்மேல் போர்வை இழுத்துவிடப்பட்டிருந்தது. ஏசி குளிர் ஜாஸ்தி, தூக்கத்தில் நாமேதான் செய்திருப்போம் என்று முடிவு செய்தார். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை, முடிவு சரியாக இருந்தால் சொல்லியிருப்பார்.

மூன்றாம் நாள் மங்கலம் புகார் கொடுத்தாள். இருக்கைகளை நாளுக்கு நாள் மாற்றவேண்டும் என்பது விதி. “எல்லாரும் மாறுறோம். தில்லையம்மா மட்டும் மூணு நாளா ஜன்னல விடல. உசுரோட இருக்கறவங்களுக்கு மலை தெரிய வேணாமா?”

ராஜவேல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், புகார் நியாயமானது. பதினெட்டாம் எண் தொப்பியைக் கடைசி வரிசைக்கு மாற்றினார். சபாபதி கூடவே எழுந்தார். “நீங்க முன்னாடிதான் சார். உங்க சுற்று நாளைக்குத்தான்.” அன்று முழுக்கத் தொப்பி கடைசி வரிசையில் தனியாகக் குலுங்கிக்கொண்டு வந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துச் சபாபதிக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் அமீனா பீவி யாரிடமும் கேட்காமல் எழுந்து பின்னால் போய்த் தொப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “தனியா விட்டா பாவங்க” என்றாள், கேள்வி கேட்ட ராஜவேலிடம். அவர் விதிமீறல் என்று குறித்துக்கொண்டார்.

ஜார்ஜியாவுக்குப் போன அன்று கடிதம் வந்தது. நிறுவனத்தின் முத்திரையோடு, உறையில் ‘திருமதி தில்லையம்மாள், பயணி எண் 18’. ‘பயணம் தொடங்கிய நாள் முதல் எண்ணிக்கையின்போது தாங்கள் உடனடியாகப் பதிலளிக்காததால் ஏனைய முப்பத்தொன்பது பயணிகளின் நேரம் விரயமாகியுள்ளது. இதற்கான விளக்கத்தைத் தாங்களே நேரில் அளிக்கவேண்டும்.’

மாலிக் வாங்கிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் மோவாயைத் தடவினார். “மாமா, அல்லாவுக்கே இவ்வளவு தைரியம் கெடையாது.”

அலுவலக பாஷை தெரிந்தவர் என்பதால் சபாபதி பதில் எழுதினார். ‘மேற்படியார் தற்சமயம் பேசும் நிலையில் இல்லை. இனி தாமதம் நேராது.’ ராஜவேல் அதைத் திருப்பிக் கொடுத்தார். “இது உங்க கையெழுத்து சார். அவுங்களே சொல்லணும். இனிமே அவுங்க பேருக்கு அவுங்களேதான் பதில் சொல்லணும், மேலிடத்து உத்தரவு.”

மறுநாள் கணவாய்க்குப் போனார்கள். ஜார்ஜியாவின் வடக்கே ரோடு வளைந்து வளைந்து ஏறி, மேகத்துக்குள் நுழைந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனி மாதத்திலும் ரோட்டோரம் அழுக்குப் பனி. மேலே ஒரு பழைய கல் மாதாகோயில் இருக்கிறதாம். இருக்கிறது என்று ராஜவேல் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். மணி பதினொன்று, ஆனாலும் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ஆரஞ்சுத் தொப்பிகள் மட்டும் ஆங்காங்கே வெள்ளைக்குள் தோன்றி மறைந்தன. சபாபதி பதினெட்டாம் எண் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸை ஒட்டி நின்றிருந்தார். குளிரில் விரல் மரத்துப்போய், தொப்பி கையில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. குனிந்து பார்த்தார். இல்லை.

அப்போது விசில் ஊதப்பட்டது. எண்ணிக்கை.

“சபாபதி.”

“வந்தாச்சு.”

“தில்லையம்மாள்.”

சபாபதி காலடியில் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். இந்த முறை சொல்லக்கூடாது என்பது உத்தரவு. மலை மேலே எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு, கூட்டத்தின் ஓரத்திலிருந்து, அடுப்பின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி அவசரமாக:

“வந்தாச்சு.”

மங்கலம், ‘சொன்னது நான் இல்லை’ என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். அவள் சொன்ன மூன்று கதைகளிலும் மாறாத ஒரே வரி அதுதான். அமீனா பீவி வாயில் பேரீச்சம்பழம் வைத்திருந்தாள், கொட்டையைத் துப்பிக் காட்டினாள். ராஜவேல் எதையும் கவனிக்காமல் விரலை நீட்டித் தொப்பிகளை எண்ணிக்கொண்டே போனார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. விரல் மேகத்துக்குள் இன்னும் ஒரு அடி நீண்டு, தொட்டு, நின்றது. “நாப்பது. ஏறுங்க.”

அவருக்கு மட்டும் எந்த ஆச்சரியமும் இல்லை. நாற்பது இருக்கவேண்டிய இடத்தில் நாற்பது இருந்தது.

பஸ்ஸில் சபாபதி பக்கத்தில் ஜன்னலோரம் கையை வைத்துப் பார்த்தார். இருக்கை சில்லென்று இருந்தது. தொப்பியும் இல்லை, ஆளும் இல்லை. பஸ் இறங்கத் தொடங்கியது. “நிறுத்துங்க” என்று அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் வாய்க்குள் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆர்மீனியாவில் அவர் அவளுக்காக வந்தாச்சு சொல்லவில்லை. பெயர் வரும், பஸ் காத்திருக்கும், சபாபதி பின்னால் திரும்பிக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருப்பார். செவான் ஏரிக்கரையில் அரைமணி நேரம் காத்திருந்தார்கள். ராஜவேல் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

“நீங்களாச்சும் சொல்லிடுங்க சார், பழைய மாதிரி. மேலிடத்துல நான் பேசிக்கறேன்.”

“அவளே சொல்லுவா” என்றார் சபாபதி. “அன்னிக்கு சொன்னாளே. நீங்க டிக் அடிச்சீங்களே.”

“மாமா” என்றார் மாலிக் மெதுவாக. “அன்னிக்கு மேகத்துல யாரோ…”

“யாரு?”

மாலிக் தன் பங்கு ஆப்பிளை வெட்டிப் பாதியைச் சபாபதியிடம் கொடுத்தார். கொஞ்சம் யோசித்து, மீதியிலும் பாதியை வெட்டிக் காலி இருக்கையில் வைத்தார். டிக் விழாமலே பஸ் கிளம்பியது.

கடலூர் அலுவலக வாசலில் கடைசி எண்ணிக்கை முப்பத்தொன்பது. ராஜவேலின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. ஊர் திரும்பும்போது ஆள் குறைவது இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. கடைசியாக விரல் வைத்து எண்ணி நாற்பது வந்தது எங்கே என்று பதிவைப் பார்த்தார்கள். கணவாயில். அங்கே இருந்த ஆள் இங்கே இல்லை. அப்படியென்றால் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

சபாபதியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். ஒரு சிறிய படிவம். ‘நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன்.’ கீழே பதினெட்டு என்று போட்டுக் கோடு.

“ஒரு கையெழுத்து சார். ரூலைப் பாக்காதீங்க, இந்த ஒரு தடவை மட்டும் புருசன் போடலாம்னு மேலிடத்துலயே சொல்லிட்டாங்க. மேடம் வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு.”

சபாபதி பேனாவைக் கையில் வாங்கினார். மாலிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். “போட்டுடுங்க மாமா. போட்டுட்டு வாங்க, ஒண்ணா பஸ் புடிப்போம்.”

“போட்டா வீட்டுக்கு வந்துட்டதா ஆயிடும்” என்றார் சபாபதி. “வீட்ல இல்லையேப்பா.” பிறகு ராஜவேலிடம் திரும்பினார். “போட்டா ஃபைல மூடிடுவீங்க இல்ல?”

“ஆமாங்க.”

பேனாவை மூடி வைத்தார். “எங்கிட்ட கேக்காதீங்க தம்பி. பதினெட்டைப் பத்தி பதினேழு கையெழுத்துப் போட முடியாது.”

இது நடந்து ஐந்து மாதமாகிறது. நிறைபயணம் தன் பலகையை மாற்ற மறுத்துவிட்டது. தொலைந்ததாக ஒப்புக்கொண்டால் இருபத்திரண்டு வருஷம் போய்விடும், திரும்பியதாகச் சொல்லக் கையெழுத்து இல்லை. ஆகவே கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். கடலூர் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். ‘22 ஆண்டுகள். ஒருவரையும் தொலைத்ததில்லை. ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்.’

மாதத்தின் முதல் திங்கள்கிழமை, இன்னும் வந்துசேராத பதினெட்டாம் எண்ணைப் பற்றி நிறுவனத்தில் விசாரணை. பயணி தன் விருப்பத்தோடுதான் வந்தார் என்பதை ஒவ்வொரு விசாரணையிலும் ஆதாரத்தோடு நிறுவவேண்டும். சபாபதி சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, காலை ஒன்பது மணி பஸ்ஸில் கிளம்புகிறார். பெண் பார்க்கப் போகிற மாதிரி இருக்குது என்று மங்கலம் மாடியிலிருந்து சொல்கிறாள். அங்கே காதில் மாட்டிவிடுகிறார்கள். கரகரப்பு, ஒரு விசில், அதெல்லாம் எனக்கு என்னாம்மா தெரியும், குக்கரு கூவுது. சரி, வரேன். இரண்டாவது விசில். அவர் மூன்றாவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். வந்ததா இல்லையா என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. ஆனால் போன வாரம் பரணிலிருந்து குக்கரை இறக்கிவிட்டார், அது நிச்சயம். அவர் வீட்டிலிருந்து எத்தனை விசில் கேட்டது என்பதைத் தெருவே எண்ணியது.

இந்த மாதம் விசாரணை முடிந்து எழுந்தபோது வினோதினி முன்மேசையில் புதுப் பட்டியல் ஒன்றை விரித்து வைத்திருந்தாள். தை மாதம், நேபாளம், பூட்டான், அந்தப் பக்கத்து மலைகள்.

“அப்ப, நான் வரேம்மா” என்றார் சபாபதி, செருப்பை மாட்டிக்கொண்டே.

அவள் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

“ரெண்டு பேருங்களா சார்?”

சபாபதி வாசற்படியில் நின்றார். இல்லை என்று சொல்லவில்லை. அவள் இரண்டாவது பெயரையும் எழுதி முடிக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, படி இறங்கினார்.